படிக்கக் கூடாத நாளில் திறந்த லைப்ரரி

லைப்ரரி வேலை என்றால் நிழலில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவது என்று நினைக்கிறவர்கள், ஒரு மாதம் அலமாரித் தூசியைத் தட்டித் தும்மிப் பார்க்க வேண்டும். தும்மியவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூரில் ஒரு கல்லூரி லைப்ரரியில் நான் உதவியாளன். எனக்கு மேலே லைப்ரரியன் ஞானப்பிரகாசம் ஐயா. ஊர்க்காரர்களும் உள்ளே வந்து படிக்க வேண்டும் என்று வெள்ளைக்காரப் பிரின்சிபால் துரையை அவர் நச்சரிக்காத மாதம் இல்லை.

கப்பலில் புதுப் புத்தகங்கள் வந்த வருஷம் துரை ஒருவழியாக இளகினார். "ஒரு நாள் கண்காட்சி வையுங்கள். ஊர்க்காரர்கள் புத்தகத்தைத் திறந்து படித்தால், சனிக்கிழமைதோறும் அவர்களை உள்ளே விடலாம். வேடிக்கை பார்த்துவிட்டுப் போனால், இந்தப் பேச்சே இனி வேண்டாம்" என்றார். ஐயா குஷியாகத் திரும்பி வந்தார்.

கடுகுகூட இல்லாத ஊர்

ஸ்டேஷனிலிருந்து பெட்டிகளை ஏற்றி வந்தவர் ஒரு துடியலூர் வண்டிக்காரர். ஒரு பெட்டியைப் பிரித்ததும் பூகோள உருண்டை வெளியே வந்தது. இரண்டு கையாலும் அணைக்க முடியாத அளவு! மனிதர் மாட்டை அவிழ்க்கக்கூட மறந்து, தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் மெல்லச் சுழற்றிவிட்டேன். கடலெல்லாம் நீலமாக ஓடியது. எனக்கே உடம்பு சிலிர்த்தது, அவரைக் கேட்பானேன்?

நம்ம ஊர் எங்கே என்றார். இந்தியாவின் கீழ்ப்பக்கத்தில் விரலை வைத்தேன். கோயமுத்தூருக்கு ஒரு புள்ளிகூடப் போடவில்லை. அந்த இடத்தையே கண் கொட்டாமல் பார்த்தார். "ஏனுங்க, ஊரே கடுகத்தனைகூடத் தெரியலீன்னா, நானு மாட்டை அடிச்சு டேசன்லருந்து இங்க வந்ததெல்லாம் நவுந்த கணக்குலயே சேராதுங்களா?"

துருவத்தில் செவ்வந்தி

கண்காட்சிக்குத் தேதி குறித்தவர் துரை. மில்லும் ஆபீசும் மூடியிருக்கும் லீவு நாளாகப் பார்த்துக் குறித்தார். ஐயாவும் நானும் ஞாயிறு பூசைக்குப் போகிற கத்தோலிக்கர்கள். லீவு என்பதற்குமேல் எங்கள் புத்தி போகவில்லை. காலையில் கதவைத் திறந்தால், அடேயப்பா, மதுக்கரையிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்திருந்தார்கள்! அத்தனை பேரும் செருப்பை வாசலில் விட்டார்கள். அலமாரி அலமாரியாகக் கும்பிட்டுக்கொண்டே நகர்ந்தார்கள். ஒரு பெரியவர் கூரை வரை அடுக்கியிருந்த புத்தகங்களை அண்ணாந்து பார்த்து அழுதேவிட்டார். உருண்டைக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். உச்சியில், வட துருவத்தில், யாரோ ஒரு செவ்வந்திப் பூ வைத்திருந்தார்கள்.

ஆனால் மேஜைமேல் பரப்பியிருந்த புத்தகங்களில் ஒன்றின் அட்டையைக்கூட ஒருவரும் திறக்கவில்லை. பியூன் மாரப்பனைத் தனியாக இழுத்துப் போய் என்னப்பா இது என்று கேட்டேன். இன்றைக்குச் சரசுவதி பூசை, புத்தகத்தைக் கும்பிடலாம், படிக்கக் கூடாது என்றான். முன்னமே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று அவன்மேல் பாய்ந்தேன். "தொரை வெச்ச தேதிய நானு எப்படீங்க வேண்டாம்னு சொல்றது?"

சீமைக்காரன் பார்த்த புழு

ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் நாங்களே விரித்து வைத்திருந்தோம். பக்கம் முழுவதும் பருத்திக்காய்ப் புழு, மயிர் மயிராக வண்ணத்தில் வரைந்தது. அதன்முன் ஒரு அம்மாள் நின்றவள் நின்றபடியே இருந்தாள். பேர் பழனாத்தா, பெரியநாயக்கன்பாளையத்தில் தனியாளாகப் பண்ணையம் பார்க்கிறவள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவள் பருத்தியைத் தின்று தீர்த்தது இதே புழுதானாம். இந்தத் தடவையும் போனால் தோட்டத்தை விற்க வேண்டியதுதான் என்றாள். "எந்தோட்டத்துப் புழுவைச் சீமையில இருக்கறவன் எப்படீங்க பாத்தான்?" என்று கேட்டாள்.

அதை ஒழிக்கும் வழியும் கீழே எழுதியிருக்கிறது, படித்துத் தமிழில் சொல்கிறேன் என்று குனிந்தேன். சட்டென்று முந்தானையால் பக்கத்தை மூடிவிட்டாள். "வேண்டாமுங்க கண்ணு, தோட்டம் போனாலும் போவுது, இன்னிக்குப் படிச்சுப்போடாதீங்க. நாளைக்கு வாரேன்."

துரை தீர்ப்பு

சாயங்காலம் துரை மேஜை மேஜையாகப் பார்த்துக்கொண்டு போனார். ஐயா பூசை விஷயத்தை எடுத்துச் சொன்னார். துரை கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, நிதானமாக இங்கிலீஷில் சொன்னார்: "புத்தகத்தைச் சாமியாக்கிவிட்ட ஊருக்கு லைப்ரரி எதற்கு, ஞானப்பிரகாசம்? கோயில் போதுமே."

விஜயதசமி

மறுநாளும் லீவு. பொருள்களை எடுத்து வைக்க ஐயாவும் நானும் போனால், வாசலில் நேற்றைய கூட்டம். முன்னால் பழனாத்தா. பலர் கையில் குழந்தைகள். பூசையில் வைத்த புத்தகத்தை இன்று எடுத்து ஒரு வரியாவது படித்தே ஆக வேண்டுமாம். வேலை போய்விடும் ஐயா என்றேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார்.

அப்பப்பா, அந்தச் சத்தத்தை நான் என்ன சொல்வேன்! தமிழ் தெரிந்தவர்கள் தமிழ்ப் புத்தகம், இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இங்கிலீஷ் புத்தகம், எல்லாரும் வாய்விட்டுப் படித்தார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் விரலை வைத்து எழுத்தைத் தடவினார்கள். நான் பழனாத்தாவுக்குப் படித்துச் சொன்னேன்: பறிப்பு முடிந்ததும் பருத்திமாரை, அதாவது காய்ந்த செடியை, வேரோடு பிடுங்கிக் கொளுத்த வேண்டும், இல்லாவிட்டால் புழு அதிலேயே தங்கிவிடும். அடுப்புக்கு ஆகுமென்று அத்தனை மாரையும் தோட்டத்திலேயே விட்டிருந்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நிமிர்ந்தால் வாசலில் துரை! எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. பழனாத்தா அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏதோ சொல்ல, நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். துரை என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து ஒரு புத்தகத்தைத் திறந்தார். அந்த அம்மாள் சொன்னது இதுதான்: "தொரைங்க, நின்னுட்டே இருக்கறீங்களே, நீங்களும் ஒரு வரி படிச்சுப்போடுங்க. இன்னிக்குப் படிச்சாத்தானுங்க உங்களுக்கும் படிப்பு வரும்."

ஊருக்கு லைப்ரரி கிடைத்தது, துரைக்குப் படிப்பு வந்தது, எனக்குத்தான் அதற்கப்புறம் சனிக்கிழமை என்ற ஒரு கிழமையே இல்லாமல் போயிற்று.