துலைக்கோ போறியள்?

என் மாமனார் வீரகத்தி துணுக்காயில் வயல் செய்கிறவர். நெல்லைவிடச் சத்தியம்தான் அவரிடம் அமோக விளைச்சல். மாமியின் கறியை இனித் தொடமாட்டேன் என்று ஒருமுறை சத்தியம் பண்ணினார். மத்தியானம் அதே கறியை நான் சூடாக்கி வைத்தேன். "இது தேனுகாவின்ரை கறி" என்று சொல்லி, இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

மகள் அருந்ததி விஷயத்தில் பண்ணிய சத்தியம் அப்படி லேசில் தீரவில்லை. மலையகத்திலிருந்து வந்து தண்ணீரூற்றில் குடியேறிய குடும்பத்து விஜிதரனை அவள் தானே பார்த்து முடித்தாள். "அவளின்ரை வீட்டுக்குப் போற பஸ்ஸிலை நான் கால் வைக்கமாட்டன்!" என்று மாமா ஊர் கேட்கக் கத்தினார். கலியாணத்துக்கும் போகவில்லை. இப்போது அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. போனில் வந்த படத்தை மனிதர் ஒளித்து ஒளித்துப் பார்க்கிறார். பேத்தியைத் தூக்க ஆசை கிடந்து துடிக்கிறது. வாயை விட்டாயிற்றே!

"மாமா, பஸ்ஸிலைதானே கால் வைக்கமாட்டன் எண்டனீங்கள்? சைக்கிள் எண்டு சொல்லேல்லையே" என்றேன்.

"உங்களுக்கென்ன விசரோ? தண்ணீரூற்றுக்குச் சைக்கிளோ?" என்று என் புருஷன் கோகுலன் கத்தியதை ஒருவரும் காதில் போடவில்லை. மாமா அப்போதே சங்கிலிக்கு எண்ணெய் விடத் தொடங்கிவிட்டார்.

எங்கள் பக்கத்தில், வெளிக்கிடுகிறவரை 'எங்கை போறியள்' என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராதாம். 'துலைக்கோ', அதாவது தூரத்துக்கோ என்றுதான் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும். தப்பித் தவறி யாரும் 'எங்கை' என்றுவிட்டால் வீட்டுக்குத் திரும்பி, சற்று இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிடலாம். மாமா இதில் மகா கண்டிப்பு.

விடியவே புறப்பட்டோம். ஒழுங்கை முடிவில் பக்கத்து வீட்டு நல்லதம்பி நின்றார்.

"என்ன வீரகத்தியண்ணை, துலைக்கோ?"

"சீச்சீ, இதிலை கிட்டத்தான்."

மாமாவின் சைக்கிளில் அரிசி மூட்டை. என்னுடையதில் காற்றடிக்கும் பம்பும் உடுப்புப் பையும். கோகுலனின் கரியரில், பிள்ளை பெற்றவளுக்கென்று இடித்த சரக்குத்தூள் போத்தலைக் கட்டிப்பிடித்தபடி மாமி. நல்லதம்பி எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஓமோம், கிட்டத்தான் போலை கிடக்கு" என்றார்.

மாங்குளத்தில் மாமாவின் டயர் காற்றுப் போனது. ஒட்டுப்போட்டவர் வேலை மும்முரத்தில், "இவ்வளவு சாமானோடை எங்கையண்ணை போறியள்?" என்று கேட்டுவிட்டார்.

"திருப்புங்கோ சைக்கிளை!" என்றார் மாமா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "திரும்பினீங்களெண்டால் நான் இதிலையே பஸ் ஏறிடுவன், சொல்லிப்போட்டன்!"

மாமிதான் தீர்ப்புச் சொன்னார். "உந்தத் தேத்தண்ணிக் கடையிலை இருந்து தண்ணி குடியுங்கோ, அது காணும். இருந்து தண்ணி குடிக்கிற இடந்தான் வீடு." மாமா குடித்தார். ஆனாலும் ஒட்டுசுட்டான் வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கோகுலனோ, "அம்மா, நீங்கள் ஏத்தத்துக்கு ஏத்தம் பாரமாகிறியள்" என்று மூச்சு வாங்கினான்.

தண்ணீரூற்றில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. விஜிதரனின் தாய் வீரம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். மாமாவை அவர் முன்பின் கண்டதில்லை. வியர்த்து ஒழுகிப் படலையில் வந்து நின்ற கிழவரைப் பார்த்து இரக்கத்தோடு கேட்டார்: "எங்கங்கய்யா போறீங்க, இந்த வெயில்ல?"

போச்சு! கோகுலன் ஹாண்டிலில் தலையைக் கவிழ்த்தான். மாமி கரியரை விட்டு இறங்கவேயில்லை. இவ்வளவு தூரம் உழக்கி வந்து, பேத்தியின் சிணுங்கல் காதில் விழும்போது இந்த மனிதர் திரும்பிவிடப்போகிறாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு அருந்ததி குழந்தையோடு வெளியே வந்தாள். தகப்பனைக் கண்டதும் வாசலில் அப்படியே நின்றாள்.

மாமா சைக்கிளை ஸ்டாண்டில் விட்டார். நேரே போய் விறாந்தைக் கதிரையில் இருந்தார்.

"பிள்ளை, அவா எங்கையெண்டு கேட்டிட்டா" என்றார். "குடிக்கத் தண்ணி கொண்டா."

வீரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அருந்ததிக்கு விளங்கியது. குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு, அழுதபடி குசினிக்கு ஓடினாள்.