வெள்ளைத் துணிக்கு ஒரு மெடல்

நல்லேப்பிள்ளி ராக்கப்பன் ஐம்பத்தைந்து வயது வரை நாடக வாத்தியார். அதற்கு மேல் சென்னைக்குப் போய், மூன்று வருஷம் இருந்து, ஓர் ஊமைப்படத்தை இயக்கிவிட்டுத் திரும்பினார். ஊரில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். படத்தில் நீ ராஜாவா, மந்திரியா? இரண்டுமில்லை, நடிக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்றால் சிரித்தார்கள். திரையில் முகமே வராத ஆள் அங்கே என்னத்தைக் கிழித்திருப்பான் என்று நினைப்பு.

ஊர் சிரித்ததை அவர் பொறுத்துக்கொண்டார். மனைவி பெரியம்மாளும் அப்படியே நினைத்ததுதான் வலித்தது.

"மூணு வருசம் ஒத்தையில வயலப் பாத்தனுங்க. நீங்க அங்க உக்காந்துட்டுச் சும்மா சொல்லிட்டிருந்தீங்களாக்கும்" என்பாள்.

அவள் ஒருத்தி ஒப்புக்கொண்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

1929 மாசியில் அந்தப் படம் கஞ்சிக்கோட்டுக் கூடாரக் கொட்டகைக்கு வந்தது. மாலை ஆட்டத்துக்கு ஊரே வண்டி கட்டிக்கொண்டு போனது. முன்வரிசையில் பண்ணைக்காரர் பொங்கியண்ணன். நாடகத்தில் ஒரு காட்சி பிடித்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, மேடையேறி, நடிகர் நெஞ்சில் வெள்ளி மெடல் குத்துவது அவர் வழக்கம். அதற்கென்றே மடியில் ஒரு மெடல் வைத்திருப்பார்.

படத்தில் மகன் பட்டாளத்துக்குப் போகிறான். வாசலில் தாய்க்காரி நிற்கிறாள். முந்தானையில் கையைத் துடைக்கிறாள், துடைத்த கையையே மறுபடி துடைக்கிறாள், சட்டென்று உள்ளே திரும்பிவிடுகிறாள். கொட்டகை முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். பொங்கியண்ணன் எழுந்து, "நிறுத்துங்க" என்றார். பழக்க தோஷம். படம் நின்றது, விளக்கு ஏற்றினார்கள். மெடலும் ஊசியுமாகத் திரையருகே போனவருக்கு முன்னால் வெறும் வெள்ளைத் துணிதான் தொங்கியது. ஜனங்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். பாவம், மனுஷனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து பெரியம்மாள் எழுந்தாள்.

"ஏனுங்கண்ணா, அது அந்தப் பொம்பள தானாச் செஞ்சதில்லீங்க. இவரு மெட்ராசுக்குக் கெளம்பறப்ப நாந்தான் அப்படிக் கையத் தொடச்சிட்டு நின்னேன். வண்டியில இருந்து பாத்திருக்காரு, அத அப்படியே அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு. மெடல அவருக்குக் குத்துங்க."

சிரிப்பு அடங்கியது. பொங்கியண்ணன் ராக்கப்பனைக் கைபிடித்து அழைத்துவந்து, சட்டையில் மெடலைக் குத்தினார். ஐம்பத்தெட்டு வயது ஆள் அத்தனை பேர் முன்னாலும் அழுதார். அழட்டுமே, அதற்கென்ன.

திரும்பி வரும்போது வண்டியில் பெரியம்மாள் சொன்னாள்.

"ஏனுங்க, படத்துல ஒண்ணு உட்டுப்போச்சு."

"என்ன புள்ள?"

"உள்ள திரும்புனவ அப்பறம் என்ன பண்ணுனான்னு இல்லீங்களே. கதவுக்குப் பின்னால நின்னு அழுதனுங்க."

அவள் அழவில்லை என்றே இத்தனை நாளும் அவர் நினைத்திருந்தார்.

"அடுத்த படத்துல அதையும் வெச்சிடறேன் புள்ள."

"வெய்யுங்க. அவ சரியா அழுவறாளான்னு நானும் கூட வந்து பாக்கறனுங்க."