ஒரு கையில் ஓடிய பத்திரங்கள்

தாம்பரத்தில் பத்திரம் எழுதித் தரும் அலுவலகம் ஒன்றில் பல வருடங்களாக நான்தான் வேகமான தட்டச்சுக்காரி. பிறகு சிட்லபாக்கத்திலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். அவளுக்கு வலது கை பிறவியிலிருந்தே செயல்படாது. இவளா எனக்குப் போட்டி என்று நினைத்தேன்.

சேர்த்து அழுத்த வேண்டிய விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தினாலே போதும் என்று தன் கணினியில் ஒரு வசதியைப் போட்டிருந்தாள். கண்ட்ரோல், ஆல்ட், ஒன்று என்று இடது கையால் வரிசையாகத் தட்டுவாள். முன்பே சேமித்து வைத்திருந்த, சொத்தின் நான்கெல்லை விவரம் முழுப் பத்தியாக வந்து விழும். நான் அதை எழுத்தெழுத்தாக அடித்துக்கொண்டிருப்பேன்.

“இன்னாம்மா, இன்னும் மொத பக்கத்துலயே கீறியா? அந்தப் பொண்ணு முடிச்சிட்டா பாரு” என்றார் முதலாளி. எனக்கு வயிறு எரிந்தது.

“உங்களுக்கும் ஷார்ட்கட் போட்டுத் தரட்டுமாக்கா?” என்று கேட்டாள்.

“எனக்கெதுக்கு? ரெண்டு கை இருக்கே” என்றேன்.

இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அவளுடைய வசதி அணைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். மறுநாள் அவள் சாப்பிடப் போனபோது அதைச் செய்தேன்.

திரும்பி வந்து தட்டினாள். பத்தி வரவில்லை, வெறும் ஒன்று என்ற எண் மட்டும் விழுந்தது. மறுபடியும் அதே ஒன்று. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அவள் பதறவே இல்லை. ஷிப்டை ஐந்து முறை தட்டினாள், எல்லாம் பழையபடி வந்துவிட்டது.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “யாரோ ரெண்டு கை இருக்கறவங்க தொட்டிருக்காங்கக்கா.”