நிமிர்ந்து நின்ற நாற்று

முனீஸ்வரி கத்த ஆரம்பித்தால் சேத்தூர் ரோட்டில் பஸ் ஹாரன்கூடக் கேட்காது என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பஸ் வந்துபோனதை அந்தப் பக்கத்தில் யாரும் கவனிக்கவில்லை.

புரட்டாசிச் சனிக்காக முந்தின நாளே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் தங்கை வீட்டில் தங்கி, விடிந்ததும் அந்த ஊர்ப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று சொல்லும் குன்றில் ஏறிப் பெருமாளைக் கும்பிட்டுத் திரும்பியவள், நேரே தன் நாற்றுப் பண்ணையின் பச்சை வலைக்குள் போனாள். ஐயாதுரை என்ற பிளவக்கல் விவசாயிக்காக நாற்பது நாளாக வளர்த்த மிளகாய் நாற்று, குழித்தட்டுகளில் தட்டுத் தட்டாகத் தலை தொங்கிக் கிடந்தது. மறுநாள் காலையில் அவர் வண்டியோடு வருவதாகப் பேச்சு.

"தண்ணி விடலையா?"

"காலையிலயே விட்டேன்ட்டி. நனைஞ்சுதான கெடக்கு" என்றார் புருஷன் தங்கப்பாண்டியன். பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்.

விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம்தான். தட்டுக்கு அடியில் சொட்டிய தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். த்தூ! ஒரே கரிப்பு.

"என்னத்தப் போட்டீங்க?"

"நத்தைக்கு உப்பு போட்டேன். மழைக்கு எம்புட்டு நத்தை தெரியுமா? நேத்து சாயங்காலம் போட்டது, அம்புட்டும் நொரை தள்ளித் தண்ணியா வடிஞ்சு செத்துட்டு. நீயும் போடுவதான?"

"நான் வேலியோரம் போடுவேன். தட்டு மேலயா கொட்டுவேன்? நத்தை ஒடம்புத் தண்ணிய இழுத்த உப்பு, வேர்ல இருக்க தண்ணிய மட்டும் விட்டுவைக்குமா? மாங்காயில உப்பு போட்டா தண்ணி விடுதுல்லா, அதக்கூடவா பாத்ததில்ல? ஒரு நா, ஒரே ஒரு நா நான் இல்ல!"

பள்ளிப் பாடத்தில் இதைச் சவ்வூடு பரவல் என்பார்கள். நத்தையோ நாற்றோ, உடம்பு முழுக்கச் செல்கள். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய சவ்வு. எந்தப் பக்கம் உப்பு கூடுதலோ, தண்ணீர் சவ்வைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். வேருக்கு வெளியே உப்பு ஏறினால், ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் சாகும். எட்டாவதோடு மில் வேலைக்குப் போன முனீஸ்வரிக்கு அந்தப் பெயர் தெரியாது, சங்கதி தெரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மில்லை விட்டுவிட்டு, குத்தகை நிலத்தில் கத்தரி போட்டாள். எவனோ ஒரு பாவி, வேர் அழுகிய நாற்றைத் தண்ணீர் தெளித்துப் பளபளவென்று காட்டி அவள் தலையில் கட்டினான். பத்தே நாளில் வயல் மொட்டை. அந்த ஆத்திரத்தில்தான் சொந்தமாகப் பண்ணை போட்டாள். ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. எதற்கு ஆறவேண்டும்?

பொழுது சாயும்வரை ஓஸ் குழாயைப் பிடித்து நல்ல தண்ணீரை விட்டு உப்பைக் கழுவினாள். வாய் ஓயவில்லை. தங்கப்பாண்டியன் தட்டுகளைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

ஞாயிறு காலையில் முக்கால்வாசி நாற்று நிமிர்ந்து நின்றது. உப்பு போனதும் தண்ணீர் மறுபடி செல்லுக்குள் ஏறி, காற்றடித்த ட்யூப் மாதிரி தண்டு விறைத்திருந்தது.

"பாத்தியா? சும்மா கெடந்து கத்துன" என்றார் தங்கப்பாண்டியன். வாசலில் ஐயாதுரையின் வண்டி வந்து நின்றது.

முனீஸ்வரி ஒரு நாற்றைப் பிடுங்கினாள். வேர் நுனி பழுப்பேறி, விரலில் வழுக்கியது. அடுத்த தட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"மேல நிமிந்திருக்கு. வேர் செத்துட்டு. வயல்ல ரெண்டு வெயில் தாங்காது."

தங்கப்பாண்டியன் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு என்ன தெரியவா போகுது? பட்டுப்போனா வெயிலுன்னு சொல்லிக்கிடலாம்."

முந்தின நாள் பொழுது சாயும்வரை கத்தியவள் இப்போது மெதுவாகக் கேட்டாள்: "அன்னிக்கு எனக்கு நாத்து வித்த பாவியும், பொண்டாட்டிகிட்ட இதத்தான சொல்லியிருப்பான்?"



"இது ஆகாது அண்ணாச்சி" என்று அவளே வெளியே போய் ஐயாதுரையிடம் வேரைக் காட்டினாள். "எங்க தப்பு. வேற விதை போட்டுத் தாரேன். பொறுக்க ஏலாதுன்னா வேற பண்ணை சொல்லுதேன்."

"உழுதுபோட்ட நெலத்துல நான் என்னத்த நட? வேலையா பாக்கீக நீங்க?" ஐயாதுரை வாய்க்கு வந்தபடி ஏசினார். முனீஸ்வரி அத்தனையையும் நின்று வாங்கிக்கொண்டாள். புருஷனைக் கைகாட்டவில்லை.

வெறும் வண்டி திரும்பிப் போனதும், முதல் தட்டைக் குப்பைக்குழியில் கவிழ்த்தாள். இரண்டாவது தட்டைத் தங்கப்பாண்டியன் தூக்கினார்.