ஓர் எண் பிசகியபோது

கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், நோய்களுக்குக் குறியீட்டு எண் போடுவது என் வேலை. குடல் அழற்சியில், சிறுகுடலையும் தாக்கக்கூடிய குரோன் நோய்க்கு ஓர் எண், பெருங்குடலில் மட்டும் வரும் புண் நோய்க்கு அடுத்த எண். ஒருநாள் அவசரத்தில் ஒரு நோயாளியின் மருத்துவக் குறிப்பை முழுக்கப் படிக்காமல் இரண்டாவதைப் போட்டுவிட்டேன். கொழும்பு சத்திரசிகிச்சை நிபுணருக்கான கடிதமும் அப்படியே அச்சானது.

அதை வாங்கிய அந்த நோயாளி, பன்வில தோட்டத்து செல்வி அக்கா, நின்று படித்தார்.

"மிஸ், எனக்குச் சிறுகுடல்லயும் நோய் இருக்குன்னு டாக்டர் சொன்னாரே. இதுல பெருங்குடல் மட்டுந்தானே இருக்கு?"

கோப்பைத் திறந்து பார்த்தேன்; டாக்டர் எழுதியிருந்தது குரோன் நோய். டாக்டரிடம் ஓடினேன்.

"நல்லவேளை. இதை நம்பியிருந்தா ஆபரேஷனே மாறியிருக்கலாம்" என்றார்.

திருத்திய கடிதத்தைக் கொடுத்து, "என் பிழைதான் அக்கா" என்றேன்.

"கொழும்புக்குப் போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சே மிஸ், அது போதும்" என்று என் கையைப் பிடித்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் எழுந்துபோய்க் கேட்டுவிடுகிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை.