ஸ்ரேசன் மாஸ்டர் வீட்டிலிருந்து சந்திரனுக்கு

பிள்ளைகளே, உங்கள் அப்பா சந்திரனில் பத்தொன்பது தடவை விழுந்து நொறுங்கியவர். இருபதாம் தடவைதான் உயிரோடு இறங்கினார். இறங்கியபடியால்தான் நீங்கள் பிறந்தீர்கள். இதைச் சொன்னால் உங்கள் அம்மா, "உந்த ஆள் வாயைத் திறந்தால் புளுகுதான்" என்பா. புளுகு இல்லை. அதனால்தான் எழுத்தில் வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. எழுத்துப்பிழை இருந்தால் அம்மாவிடம் திருத்தக் கொடுங்கள். கதையை மட்டும் திருத்த விடாதீர்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மருதனார்மடச் சந்தியில் எனக்கு ஒரு சின்னக் கடை. றேடியோ, தண்ணிப் பம்ப், மின்விசிறி, எது பழுதானாலும் கொண்டு வருவார்கள். பாதி திருந்தும். ஒருநாள் பண்டத்தரிப்பிலிருந்து ஒரு ஆள் வந்து, இளைப்பாறிய ரெயில்வே ஸ்ரேசன் மாஸ்டர் வரச் சொன்னதாகச் சொன்னார். அவர்தான் உங்கள் அம்மப்பா. மனைவியை இழந்தவர், ஒரு மகன் லண்டனில், ஒரு மகள் வீட்டில். மகள் ஏ.எல். பாஸ் பண்ணிவிட்டு, பல்கலைக்கழகக் கடிதம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தா.

வீட்டு விறாந்தை மேசையில் ஒரு பெட்டி. மகன் லண்டனிலிருந்து அனுப்பிய கொம்பியூட்டர். நான் அதுவரை கண்டதில்லை. பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றின் அளவுதான் இருந்தது. அதன் எழுத்துக் கட்டைகள் எல்லாம் அழிறப்பர் துண்டுகள் போல நசிந்தன. ரீவியில் கொழுவ வேண்டும். கசற் றெக்கோடரில் ஒரு கசற்றைப் போட்டு, அதன் சத்தத்தை அதற்குள் செலுத்த வேண்டும்.

"தம்பி, ரீவியை வெடிக்க வைக்கமாட்டீர்தானே?"

"இல்லை ஐயா. வெடிச்சாலும் நானே திருத்தித் தருவன்."

அந்தப் பதில் மாஸ்டருக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

கசற்றை ஓடவிட்டதும் கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பியது. ஸ்ரேசன் மாஸ்டர் சாய்மனைக் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார். "சத்தத்தைக் குறையும் ஐசே! மேலை ஹெலியிலை போற ஆமிக்காரன் நாங்கள் ஆருக்கோ செய்தி அனுப்புறம் எண்டெல்லோ நினைக்கப்போறான்!" ஆறு நிமிடம் அந்தச் சத்தம். அது முடிகிற நேரத்தில் கரண்ட் போனது. திரும்ப முதலிலிருந்து. திரும்பக் கரண்ட் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கார் பற்றறியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டு வோல்ற்றில் ஓடுகிற சின்னக் கறுப்பு வெள்ளை ரீவி ஒன்றையும் கடையிலிருந்து கொண்டு போனேன். அது வேறொருவர் திருத்தத் தந்தது. அவருக்கு இன்றுவரை தெரியாது.

அன்றைக்குத்தான் அந்தக் கசற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டோம். சுடுகிற விளையாட்டு என்று நினைத்தேன். ஒரு மண்ணும் இல்லை. கறுப்புத் திரையில் இலக்கங்கள் மட்டும். உயரம், இறங்குகிற வேகம், மிச்ச எரிபொருள். கூடவே தலையணை மாதிரி ஒரு ஆங்கிலப் புத்தகம். உண்மையாகவே சந்திரனுக்குப் போனவர்கள் எந்த நேரத்தில் எந்தச் சுவிச்சைப் போட்டார்கள், எந்த இலக்கத்தை அடித்தார்கள் என்பதெல்லாம் வரிவரியாக அதில் இருந்தது. அதை அப்படியே செய்தால்தான் கொம்பியூட்டருக்குள் இருக்கிற சந்திர வண்டியும் இறங்கும். ஒருவர் வாசிக்க வேண்டும். மற்றவர் செய்ய வேண்டும். செய்துவிட்டுச் 'செய்தாச்சு' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வரி வாசிக்கக் கூடாது.

வாசிக்க உங்கள் அம்மா இருந்தா. ஆங்கிலம் தண்ணிபட்ட பாடு. செய்ய ஆள்? ஸ்ரேசன் மாஸ்டருக்கு வெள்ளெழுத்து. மிச்சம் நான்.

இப்படித்தான் உங்கள் அப்பா விண்வெளி வீரர் ஆனார். சோதனை கிடையாது, தகுதி கிடையாது. பற்றறி வைத்திருந்தது ஒன்றுதான் தகுதி.

ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணிக்குத் தொடக்கம். நாலரைக்கு ராகுகாலம், அதற்கு முதல் இறங்கிவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். சந்திரனில் ராகுகாலம் பார்ப்பதில்லை என்று நான் ஒருதரம் சொன்னேன். "பற்றறி பண்டத்தரிப்பிலைதானே நிக்குது" என்றார் மாஸ்டர்.

இறங்குகிற வேலையின் முதல் பகுதிக்கு இலக்கம் அறுபத்துமூன்று. அதைக் கேட்டதும் மாஸ்டர் பேப்பருக்குப் பின்னால் இருந்து, "அறுபத்துமூவர். பாதகமில்லை, நல்ல எண்" என்றார். எஞ்சின் பற்றுவதற்கு ஐந்து விநாடிக்கு முதல் திரை மினுங்கி, பற்றவைக்கவா என்று கேட்கும். அந்த ஐந்து விநாடிக்குள் ஒரு கட்டையை அமத்த வேண்டும். நான் மினுங்குகிறதைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்து விடுவேன். எஞ்சின் பற்றாது. இறங்க வேண்டிய பஸ் தரிப்பைத் தவறவிட்டவன் மாதிரி சந்திரனை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.

"அமத்துங்கோ எண்டு வாசிச்சனான்" என்பா அம்மா.

"நீங்கள் இங்கிலிசிலையெல்லோ வாசிச்சனீங்கள்."

"அப்ப என்னத்துக்குச் செய்தாச்சு எண்டனீங்கள்?"

அவ எதை வாசித்தாலும் செய்தாச்சு என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. அதை எப்படிச் சொல்வது?

பிறகு எஞ்சின் பற்றப் பழகினேன். பழகியதும் விழத் தொடங்கினேன். பாதி வழியில் திரையில் ஆயிரத்து இருநூற்று இரண்டு என்று ஒரு அபாய இலக்கம் வரும். கொம்பியூட்டருக்கு வேலை கூடிப்போயிற்று, பயப்படாமல் தொடர்ந்து போ என்பது புத்தகத்தின் கட்டளை. ஆனால் நான் றேடியோக்காரன். படம் குழம்பினால் பெட்டிக்குப் பக்கவாட்டில் ஒரு அடி கொடுப்பதுதான் எங்கள் தொழில். கை தன்பாட்டில் போய் ரீவியை அடித்தது. படம் போனது. இருட்டிலே இறங்கி நொறுங்கினோம். இப்படி மூன்று கிழமை. நாலாம் கிழமை அம்மா என் வலது கைக்கு எட்டாத தூரத்தில் ரீவியை நகர்த்தி வைத்தா.

ஐப்பசி மழை தொடங்கின ஒரு ஞாயிறு. நான் பற்றறிக் கிளிப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் பேப்பரை மடித்தார்.

"பிள்ளை, உன்ரை அண்ணை ஒரு சம்மந்தம் எழுதியிருக்கிறான். தன்ரை சிநேகிதனாம், லண்டனிலை கணக்காளர். தைப்பொங்கலுக்கு முதல் மறுமொழி எழுதவேணும்."

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீரும் உந்த வண்டியைக் கெதியாய் இறக்கிப்போட்டு வேலையை முடியும். கலியாணம் பேசுற வீட்டுக்குக் கிழமைக்குக் கிழமை ஒரு இளந்தாரி வந்து போனால் ஊர் கதைக்கும். இறங்கின அண்டைக்கே பற்றறியையும் கொண்டு போம்."

மழையில் நனைந்துகொண்டு சைக்கிள் மிதித்தபோது எனக்கு விஷயம் விளங்கியது. இறங்கினால் அந்த வீட்டுக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இல்லை. இறங்காவிட்டால் அவவின் கண்ணில் நான் ஒன்றும் தெரியாத ஒரு பேயன். றேடியோ திருத்துகிறவன், ஸ்ரேசன் மாஸ்டர் வீட்டில் பெண் கேட்கிற காலமும் இல்லை அது. யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: பேயனாகவே இருப்பது.

அடுத்த இரண்டு ஞாயிறும் வேண்டுமென்றே விழுத்தினேன். ஒருதரம் எரிபொருளை முழுதும் மேலேயே ஊதித் தள்ளினேன். மற்றத்தரம் இருநூறு அடியில் எஞ்சினை நிற்பாட்டினேன். நல்லாக நடித்தேன் என்றுதான் நினைப்பு. ஆனால் இரண்டாந்தரம் அம்மா புத்தகத்தை மூடிய சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. பேயனை ஒருத்தி எத்தனை ஞாயிறு பொறுப்பா? மூன்றாம் ஞாயிறு உண்மையாக இறக்குவது என்று போனேன்.

அன்றைக்கு எல்லாம் கச்சிதம். எஞ்சின் பற்றியது. அபாய இலக்கம் வந்தது, நான் ஒன்றையும் அடிக்கவில்லை. ஐந்நூறு அடி. முந்நூறு அடி. நூற்றைம்பது அடி. அப்போது கதிரையில் மாஸ்டர் தும்மினார். ஒரே ஒரு தும்மல்.

பிள்ளைகளே, வெளிக்கிடுகிற நேரம் ஒற்றைத் தும்மல் கேட்டால் நாங்கள் என்ன செய்வோம்? இருந்து, ஒரு வாய் தண்ணி குடித்து, திரும்ப வெளிக்கிடுவோம். நான் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான். கை கட்டையை விட்டது. மேசையில் இருந்த செம்பை எடுத்தேன். ஒரு மிடறு குடித்தேன். செம்பை வைத்துவிட்டுப் பார்க்கிறேன், திரையில் உயரம் சைபர். வேகம் மட்டும் சைபர் இல்லை.

மாஸ்டர் மூக்கைத் துடைத்தபடி, "நான் சும்மா தும்மினனான்" என்றார். முகம் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார். குற்றம் செய்தவர் மாதிரித்தான் போனார்.

அம்மா என்னைப் பார்த்தா. "தும்மினது அப்பா. செத்தது நீங்கள். தண்ணி வேறை குடிக்கிறியள்."

"பழக்கம்."

"போன ரெண்டு கிழமையும் விழுத்தினது? அதுவும் பழக்கமோ?"

"இறங்கினால் நான் திரும்ப வரேலாது. அதுதான்" என்றேன். அவ்வளவுதான் என் காதல் வசனம். அதற்குமேல் நன்றாகச் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம். அம்மா குரலைத் தாழ்த்தினா. "வாற கிழமை ஒழுங்காய் இறக்குங்கோ. மிச்சம் என்ரை பாடு."

"என்ன மிச்சம்?"

"புத்தகத்தை ஒருநாளாவது கையிலை எடுத்துப் பாத்திருந்தால் தெரியும்" என்றா.

அடுத்த ஞாயிறு மாஸ்டர் பேப்பர் எடுக்கவில்லை. கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தார். நான் செம்பை அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

அறுபத்துமூன்று. செய்தாச்சு. மினுங்கியது, அமத்தினேன். அபாய இலக்கம், கையைக் குண்டிக்குக் கீழே வைத்துக்கொண்டேன். ஆயிரம் அடியில் மாஸ்டர் சால்வைக்குள்ளால், "லைன் கிளியர், போம், போம்" என்றார். நூறு அடி. எரிபொருள் ஐந்து வீதம். நாற்பது அடி. அம்மா வாசிப்பதை நிறுத்திவிட்டு இலக்கத்தை மட்டும் சொன்னா. பத்து. ஐந்து. திரையின் மூலையில் ஒரு சின்னச் சதுரம் வெள்ளையானது. கால் தட்டிவிட்டது என்று அர்த்தம்.

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ!"

"செய்தாச்சு."

மூவரும் மூச்சு விட்டோம். மாஸ்டர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு பத்து. சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். கெட்டிக்காரன் என்று சொல்ல வாய் வந்தது, கண்டேன். ஆனால் சொன்னது வேறு.

"சரி தம்பி. பற்றறியைக் கழட்டும்."

நான் கிளிப்பில் கை வைத்தேன்.

"பொறுங்கோ" என்றா அம்மா. புத்தகத்தை மூடவில்லை. விரலை நடுவில் வைத்துக்கொண்டு தகப்பனிடம் காட்டினா. "அப்பா, இது பாதிதான். மிச்சம் திரும்பி ஏறுறது. மேலை இன்னொரு கப்பல் சுத்திக்கொண்டு நிக்குது. அதுக்குள்ளை ஒரு ஆள் தனியக் காத்துக்கொண்டிருக்கிறார். இறங்கின ஆக்கள் ஏறிப்போய் அதிலை கொழுவினால்தான் எல்லாரும் வீட்டை போகலாம்."

மாஸ்டர் கதிரையை விட்டு எழும்பினார்.

"நீங்கள் முப்பது வருசம் ஸ்ரேசனிலை இருந்தனீங்கள். வண்டி வந்து சேர்ந்தது எண்டு எழுதிப்போட்டு, லைனிலை ஒருத்தனை விட்டுட்டு வீட்டை வந்து படுத்தனீங்களோ?"

அந்த மனிசனை அடிக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அவ குறி பார்த்து அடித்தா. மாஸ்டர் திரும்பக் கதிரையில் இருந்தார்.

"எத்தினை பக்கம் கிடக்கு?"

"நூற்றிப்பத்து."

மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு என் பற்றறியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. முப்பது வருடம் பயணிகளின் முகத்தைப் பார்த்த மனிதர்.

"அப்ப லண்டனுக்கு என்னெண்டு எழுதுறது?"

"எனக்குப் பேசுற ஆள் சந்திரனிலை நிக்குது, ஏறி வந்த பிறகு பாப்பம் எண்டு எழுதுங்கோ" என்றா அம்மா.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. மாஸ்டருக்கு உடனே விளங்கியது. "அந்தக் கடதாசியையும் பேனையையும் எடு" என்றார். என்னிடம், "நீர் ஏன் ஐசே நிக்கிறீர்? இரும்" என்றார்.

அன்றைக்கு வண்டி சந்திரனில் நின்ற நிலையை ஒரு வெறும் கசற்றில் பதிந்து எடுத்தோம். மாஸ்டர் அதன்மேல் 'சந்திரன். தொடாதே' என்று எழுதி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பூட்டின திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு கலியாணப் பேச்சுக்கால், சாதகம், என்ரை பக்கத்துச் சண்டை, அவையின் பக்கத்துச் சண்டை, இடையில் ரோட்டில் ஆமியால் நடந்தவை எல்லாம் சேர்ந்து மாதங்கள் போயின. சந்திரனைப் பற்றி எவரும் கதைக்கவில்லை. மாஸ்டர் மட்டும் என்னைக் காணும்போதெல்லாம், "அவன் பாவம், மேலை சுத்துறான்" என்பார். கலியாணத்தன்று மணவறையில் குனிந்து என் காதுக்குள் சொன்னதும் அதுதான்.

கலியாணம் முடிந்த நாலாம் நாள், நாலாஞ்சடங்கு முடிந்து சாப்பாடும் முடிந்தது. மாஸ்டர் அலுமாரியைத் திறந்து கசற்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பட்டுச்சேலையோடு உங்கள் அம்மா வாசித்தா. பட்டுவேட்டியோடு நான் செய்தேன். வாசித்ததை முதல் தரமாக ஒழுங்காகக் கேட்டுத்தான் செய்தாச்சு என்றேன். ஏறினோம், துரத்தினோம், மேலே நின்றவனோடு கொழுவினோம். சொந்தக்காரர் சிலர் எங்களுக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வெற்றிலை போட்டார்கள்.

மாஸ்டர் தன் பழைய ஸ்ரேசன் கொப்பியைத் திறந்தார். வண்டி வந்து சேர்ந்த நேரத்தை எழுதினார். பக்கத்துக் கட்டத்தில் எழுதியதை எட்டிப் பார்த்தேன்.

'தாமதம்: ஏழு மாதம். காரணம்: கலியாணம்.'