வேறு யாருக்கு இருமல்?

என் மகனுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தபோது அந்த இருமல் தொடங்கியது. பகலில் ஒன்றும் இருக்காது. பாயில் குப்புறக் கிடந்து கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருப்பான்; கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். இரவு தூங்க வைத்து இரண்டு மணி நேரம் ஆனதும் தொண்டையில் ஒரு சின்ன உரசல் கேட்கும். கொஞ்சம் விட்டு இன்னொன்று. அப்புறம் முகம் சிவந்து, கை இறுகி, மூச்சு இழுக்க இடம் கொடுக்காமல் வரிசையாக இருமல் வரும். குடித்த பாலெல்லாம் என் தோளில் வந்து விழுந்த பிறகுதான் ஓயும். ஓய்ந்ததும் அவன் தூங்கிவிடுவான். நான் தூங்க மாட்டேன். அடுத்தது எப்போது வரும் என்று அவன் நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். இப்படியே ஐந்து வாரம் போயிற்று.

கோத்தகிரிக்கு மேலே, ஒரு டீ ஃபேக்டரியின் பின்புறச் சரிவில் எங்கள் வீடு. முன்னால் ஓர் அறை, அதை ஒட்டிச் சமையலறை, பின்னால் விறகும் உருளைக்கிழங்கு மூட்டையும் போட்டு வைக்கத் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. என் கணவர் காய்கறி லோடு ஓட்டுபவர். கேரட்டும் முட்டைக்கோசும் விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கியாக வேண்டும் என்பதால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுவார். நான் காரமடைப் பக்கம் வெயிலில் வளர்ந்தவள். மலைக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டாவது குளிர்காலம் அது. பிள்ளைக்கு வந்த வியாதியெல்லாம் குளிரால் வந்தது என்றே நினைத்தேன். ஜன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணித்தேன். கதவடியில் சாக்கை மடித்து வைத்தேன். இரும்புச் சட்டியில் கரி நெருப்புப் போட்டுத் தொட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அந்த இரவுகளில் வீட்டில் எனக்கு இருந்த ஒரே துணை மாமனார். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். மாமனார் இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்து, பதினான்கு வயதில் பெற்றவர்களோடு கப்பலேறி இங்கே வந்தவர். முதலில் கொழுந்து எடை போடும் இடத்தில் எடுபிடி, அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பிரிவில் வேலை. ஒல்லியான உடம்பு. அதிகம் பேச மாட்டார். சமையலறையில் அடுப்போரம் படுத்துக்கொள்வார். பிள்ளை இரும ஆரம்பித்தால் நான் கூப்பிடும் முன்பே கம்பளியைப் போர்த்திக்கொண்டு கதவருகே வந்து நிற்பார். “கொண்டா புள்ள, நீ செத்த சாஞ்சுக்க” என்று கை நீட்டுவார்.

வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு சமையலறைக்கும் அறைக்கும் நடப்பார். அவருக்குத் தாலாட்டு எதுவும் தெரியாது. சின்ன வயதில் இலங்கையில் போன ரயிலின் ஸ்டேஷன் பெயர்களைத்தான் சொல்லிக்கொண்டு நடப்பார். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை என்று ஒவ்வொரு பெயருக்கும் முதுகில் ஒரு தட்டு. கடைசி ஸ்டேஷன் வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். நடுநடுவே அவரும் இருமுவார். இருமிவிட்டு விட்ட பெயரிலிருந்து தொடர்வார். அதைக் கேட்டபடி நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். அந்த ஐந்து வாரத்தில் எனக்குக் கிடைத்த தூக்கம் அவ்வளவுதான்.

இரண்டு தடவை மருந்து மாற்றியும் நிற்காமல் போகவே, ஒரு திங்கட்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோத்தகிரி ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டரம்மாவிடம் போனேன். இளம் வயசுக்காரர். அவசரப்படாமல் முன்னும் பின்னும் குழல் வைத்துக் கேட்டார். எடை பார்த்து, பழைய அட்டையோடு ஒப்பிட்டு, “ரெண்டு மாசமா எடை ஏறவே இல்லையே” என்றார். பிறகு எழுதிக்கொண்டே, “வீட்ல வேற யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்கா?” என்று கேட்டார்.

“இல்லைங்க” என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. மனதார அப்படித்தான் நினைத்தேன். எக்ஸ்ரே எடுக்க மறுநாள் வரச் சொன்னார். பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டில் ஒரு பெரியவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். இருமல் பழகிப்போனவர்களின் இருமல். வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே இருமினார். அப்போதுதான் டாக்டரம்மாவின் கேள்வி மறுபடி காதில் விழுந்தது. மாமனார் இருமாத ஒரு நாளைக்கூட என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. நான் அந்த வீட்டுக்குப் போன முதல் நாளிலிருந்து அது இருந்தது. கேட்டால், “தூள் இருமல் புள்ள, சலிக்கிற ரூம்ல இருக்கிறவனுக்கெல்லாம் உள்ளது தானே” என்பார். தகரக் கூரையில் விழும் மழைச் சத்தம்போல அது எங்களுக்கு ஆகிவிட்டிருந்தது. இத்தனைக்கும் தீபாவளிக்குப் பிறகு அவர் சட்டை தோளில் நிற்காமல் சரிந்ததை நான் பார்த்திருந்தேன். சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது என்று சுக்குக் காப்பி கேட்டு வாங்கிக் குடித்ததையும் பார்த்திருந்தேன். பார்த்ததெல்லாம் தனித்தனியாகக் கிடந்தது. பஸ்ஸில் ஒன்றாகச் சேர்ந்தது.

வீடு வந்து சேர்வதற்குள் பயம் முழுக்கக் கோபமாக மாறிவிட்டது. மாமனார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினார். நான் பிள்ளையை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

“தொடாதீங்க மாமா. உங்க இருமல்தானுங்க புள்ளைக்கு வந்திருக்குது. வருசக்கணக்கா இருமறீங்களே, ஒருக்காவாச்சு ஆஸ்பத்திரிப் பக்கம் போனீங்களா? தெனமும் தோள்ல போட்டுப் போட்டு எம்புள்ளையக் கொல்லப் பாத்தீங்களே.”

கடைசி வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததுதான். இன்றுவரை அதை வேறு யார் சொன்னதாகவும் நினைத்துக்கொள்ள முடியவில்லை. அவர் நீட்டிய கைகளை மெதுவாகக் கீழே விட்டார். உள்ளே போய்த் தன் கம்பளி, தட்டு, டம்ளர் மூன்றையும் எடுத்துக்கொண்டு பின்பக்கத் தகர அறைக்குப் போனார். மூட்டைகளை ஓரமாகத் தள்ளும் சத்தம் கேட்டது. சாயங்காலம் விஷயம் தெரிந்த என் கணவர், “எங்கப்பாகிட்டயா அப்பிடிப் பேசுன?” என்று கேட்டார். பிறகு வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு பிள்ளை இருமியபோது கை நீட்ட யாரும் இல்லை. நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். என் நடை அவனுக்குப் பிடிக்கவில்லை. வில்லாக வளைந்து அழுதான். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தகர அறைக் கதவு திறந்தது. காலடி சுவர்வரை வந்து நின்றது. பிறகு, வழக்கத்தைவிடச் சத்தமாக, ஹட்டன், கொட்டகலை என்று அவர் குரல் கேட்டது. பிள்ளை அழுகையை நிறுத்திச் சுவரைப் பார்த்தான். எனக்கு அப்போதும் கோபம் தணியவில்லை. ஆனால் சுவர் ஓரமாகவே நின்றுகொண்டேன்.

காலையில் நான் எழுந்தபோது தகர அறை பூட்டியிருந்தது. முதல் பஸ்ஸிலேயே போயிருக்கிறார். அதே ஆஸ்பத்திரி திறக்கும்வரை வெளியே நின்றிருந்து, “ஊட்ல எட்டு மாசப் புள்ள இருக்கு, எனக்கு டெஸ்ட் எடுங்க” என்று தானாகவே சொல்லியிருக்கிறார். சளி கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, இரண்டு நாளில் முடிவு வந்தது. காசநோய்தான். தூள் இருமல் என்று நாங்கள் எல்லோரும் பெயர் வைத்திருந்த ஒன்றுக்குள் அது எத்தனை மாதமாக இருந்ததோ தெரியாது.

பிள்ளைக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்னங்கையில் தோலுக்கடியில் ஓர் ஊசி போட்டுச் சின்னதாக வட்டம் வரைந்து, இரண்டு நாள் கழித்துக் காட்டச் சொன்னார்கள். தடித்தால் நோய்க்கிருமி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த இரண்டு நாளும் நான் வேறு எதையும் செய்யவில்லை. மொபைல் வெளிச்சத்தில் அந்த வட்டத்தைப் பார்ப்பேன். விரலால் தடவிப் பார்ப்பேன். தடித்திருப்பதுபோல் தோன்றும். மறுகையைத் தடவி ஒப்பிடுவேன். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும். மாமனார் தகர அறை வாசலில் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கேட்பார்: “தடிச்சிருக்கா புள்ள?” “தெரியலீங்க” என்பேன். எங்களுக்குள் அந்த இரண்டு நாளில் இருந்த பேச்சு அது ஒன்றுதான்.

தடிக்கவில்லை. எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தது. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, பிள்ளைக்குக் காசநோய் இல்லை, ஆனாலும் கூடவே இருந்ததால் தடுப்புக்கு ஆறு மாதம் மாத்திரை பொடித்துக் கொடுக்க வேண்டும் என்றார். நான் பிள்ளையின் முன்னங்கையை இன்னொரு தடவை தடவிப் பார்த்தேன்.

“அப்போ இருமல் எதனாலங்க?”

“படுக்கிற ரூம் எப்படி இருக்கும், சொல்லுங்க. நெருப்பு ஏதாவது வைக்கிறீங்களா?”

நான் சொன்னேன். ஜன்னல் துணி, கதவடிச் சாக்கு, கரிச் சட்டி, தொட்டிலுக்குப் பின்னால் ஈரச் சுவரில் கறுப்பாகப் படர்ந்திருந்த பூஞ்சை, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது. அவர் திட்டவில்லை. மூடிய அறைக்குள் கரிப்புகை பெரியவர்களையே கொன்றுவிடும், பிள்ளை வெறும் இருமலோடு தப்பித்தது நல்லவேளை என்று மட்டும் சொன்னார். அன்றே சட்டியை வெளியே எடுத்தேன். தொட்டிலை உலர்ந்த சுவர்ப்பக்கம் மாற்றினேன். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்து, பிள்ளைக்கு ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டராகப் போட்டேன். பத்துப் பதினைந்து நாளில் இருமல் விட்டுப்போயிற்று.

மாமனாரிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. பிள்ளைக்கு நோய் இல்லை என்று சொன்னேன். அவர் முகத்துணியை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருமலுக்கு என் கரிச் சட்டிதான் காரணம் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். அதற்குப் பதிலாக முட்டை வேகவைத்துக் கொடுத்தேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். மாத்திரை போட்டுக்கொண்டாரா என்று தினமும் கேட்டேன். அவர் ஒரு நாளும் தவறவிடவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சளியில் கிருமி இல்லை, இனி பிள்ளையோடு சேர்ந்து இருக்கலாம் என்றார்கள். அவர் தகர அறையை விட்டு வரவில்லை. ஆறு மாதத்து மாத்திரை முடிந்த பிறகும் வரவில்லை. அதற்குள் பிள்ளை நடக்க ஆரம்பித்திருந்தான். தட்டுத்தடுமாறி அவரிடம் போவான். அவர் எழுந்து நகர்ந்துகொள்வார்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு நாள் போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். “எந்தப்புதானுங்க மாமா. அன்னைக்கு நான் பேசுனது பேச்சே இல்லீங்க.”

அவர் தேயிலைச் சரிவைப் பார்த்தபடியே பேசினார். “மாத்திரை வாங்கப் போனப்ப டாக்டரம்மா அப்பவே சொல்லிட்டாங்க புள்ள, பொகையாலதான்னு” என்றார். பிறகு, “நீ மெதுவாச் சொல்லியிருந்தா நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டேன் தானே. நாளைக்குப் பாப்போம்னு இருந்திருப்பேன். நீ கத்துனதுனால இருக்கேன்” என்றார்.

ஆறு மாதம் தெரிந்தே என் கையால் முட்டை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பி வந்தார். பிள்ளையையும் தூக்கினார். ஆனால் ஒன்று மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை. பிள்ளையிடம் பேசும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டுதான் பேசுவார். மூச்சு அவன்மேல் படக்கூடாது என்று. பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டபோதும், ஒன்பது வயதுவரை அவன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னபோதும், எங்கோ தூரத்தில் இருக்கும் யாரிடமோ பேசுவதுபோல்தான் இருக்கும். “குணமாயிருச்சுங்க மாமா” என்று எத்தனையோ தடவை சொன்னேன். “தெரியும் புள்ள, கழுத்து பழகிருச்சு” என்பார். இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பில் இறந்தார். கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தது.

சென்ற மாதம் அவருக்குத் திதி கொடுத்துவிட்டு வந்த அன்று, என் மகன் அலமாரியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அவரும் சேர்ந்து இருக்கும் ஒரே படம். அதிலும் அவர் அவனைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறார். “தாத்தா ஏம்மா எப்பவும் இப்படியே இருந்தாரு?” என்று கேட்டான். பதினோரு வயதுப் பையனிடம் எவ்வளவு சொல்வது என்று யோசித்தேன். பிறகு முழுவதையும் சொன்னேன். வாசலில் நின்று நான் கத்தியதையும், கத்திய சொல்லையும் மறைக்கவில்லை.

அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்படின்னா தாத்தாவுக்கு எம்மேல கோவம் இல்லையாம்மா?”

“உன் மேலயா? எதுக்குடா கோவம்?”

“நான் ஏதோ பண்ணிட்டேன், அதான் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறாருன்னு நெனச்சேன்.”

இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவன் இதை என்னிடம் கேட்டதில்லை. அவரிடம் கேட்டிருந்தால் ஒரே ஒரு முறையாவது அவர் முகத்தை அவன் பக்கம் திருப்பியிருப்பார். “இல்லடா, ஒம்மேல உசுரா இருந்தாரு” என்று சொல்லிவிட்டு அவன் தலையைப் பிடித்து என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். அவன் என் கையை விலக்கிவிட்டு எழுந்து, போட்டோவைச் சட்டையில் துடைத்து, கொண்டுபோய்த் தன் படிப்பு மேஜைமேல் வைத்துக்கொண்டான்.